பதினாலு பேரில் ஒருத்தன்

இதை எழுத வேண்டும் என்று உட்கார்வதும், எழுதாமல் எழுந்து போவதுமாக ஆறு வருஷம் போயிற்று. முதலில் வாங்கிய நோட்டில் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களை எழுதித் தீர்த்தேன். இரண்டாவது நோட்டு கோவில் உற்சவத்துக்குப் பூ கட்ட வருகிறவர்களின் பெயர் எழுதப் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவன் அல்ல நான். பத்தாம் வகுப்பில் தோற்றவன்தான், ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதினால் என்னையும் எழுத வேண்டி வரும் என்பதுதான் தடையாக இருந்தது. எங்கள் ஊர் மெம்பரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்ளலாம் என்று மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றும் பொய்யாக வந்தது. கிழித்துப் போட்டேன். இப்போது சிவன் துணையென்று தொடங்குகிறேன்.

பாறசாலையில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் சிவன் கோவில். மேற்கு வாசலுக்கு எதிரே பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், சாம்பிராணி, விளக்குத் திரி, மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி. கோவில் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறதும் நான்தான். பிறந்த வீடு தமிழ்நாட்டில், இருக்கிற வீடு கேரளத்தில். நடந்தால் இருபது நிமிஷம். மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டத்தின் ஓரமாக இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறினால் அடுத்த மாநிலம். இந்தப் பக்கம் அத்தை வீடு, அந்தப் பக்கம் அண்ணன் வீடு என்று எல்லாருக்கும் இரண்டு கரையிலும் ஆள் உண்டு.

எங்கள் ஊரில் மெம்பர் என்றால் ஒருவர்தான். முதன்முதலில் பஞ்சாயத்து மெம்பராக ஜெயித்தார். பிறகு சட்டசபைக்கும் ஒரு முறை போனார். ஆனாலும் கடைசிவரை ஊருக்கு அவர் மெம்பர்தான். குறுக்கு வழியில் ஒரு ஆபீஸுக்குள்ளும் போகமாட்டார். சட்டசபையில் இருந்த நாளிலும் ரேஷன் கடையில் வரிசையில் நிற்பார். குடையின் வளைந்த பிடியால் பஸ் ஸ்டாப்பின் ஓடையில் அடைத்துக்கிடக்கும் பிளாஸ்டிக் கவரை இழுத்து எடுப்பார். யாராவது பார்த்துச் சிரித்தால், "சிரிச்சிட்டு ஒண்ணை எடுத்துப் போடுலே" என்பார்.

எண்பது வயது நெருங்கும்போது கண்ணுக்குள் நரம்பு கெட்டு, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு எனக்கு ஆள் விட்டார். மகன் போனில் பதிவு பண்ணித் தரலாம் என்று சொன்னானாம். "போனு திரும்பக் கேக்காதுலே. மனுசன்னா, என்ன மெம்பரே அப்படியா நடந்ததுன்னு கேப்பான். அப்பதான் நான் நேராச் சொல்லுவேன்" என்றாராம்.

மேடையில் பேசியதெல்லாம் மலையாளம், புத்தகம் ஏன் தமிழில் என்று நானே கேட்டேன்.

"அம்மைகிட்டப் பேசின பாஷையில பொய் சொல்ல நாக்கு கூசும் மக்கா. மலையாளத்தில நான் நல்லாப் பொய் சொல்லுவேன், பழக்கமாக்கும்" என்றார்.

காலையில் கோவிலுக்குப் போய்விட்டு நேரே அவர் வீட்டுக்குப் போவேன். பத்து மணி வரை கடையை என் மனைவி பார்த்துக்கொள்வாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்து சொல்வார், நான் எழுதுவேன். முதலில் வேகவேகமாகக் கிறுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் நல்ல தாளில் அழகாக எழுதுவது. அந்த நல்ல பிரதிதான் களியக்காவிளையில் உள்ள அச்சகத்துக்குப் போக வேண்டியது.

நான் பெரியவர்களின் வாழ்க்கைக் கதை என்றால் கட்டிய பாலம், போட்ட மாலை என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. தன்னைத் தானே திருத்தப் பாடுபட்ட கதை. சின்ன வயதில் அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்குமாம். பேசித் தீர்க்க முடியவில்லை, விரதம் இருந்து தீர்க்க முடியவில்லை. அப்புறம் தனக்குத் தானே ஒரு கட்டளை வைத்தார். யாரிடம் குரலை உயர்த்தினாரோ, அன்றைக்கே அந்த ஆள் வீட்டுக்கு நடந்து போக வேண்டும், போன பிறகுதான் சாப்பாடு. ஒரு முறை கடலோரப் பொழியூரில் ஒரு மீன்பிடி வள்ளக்காரரைத் திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து இலையின் முன்னால் உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்தது. எழுந்து நடந்தார். கடற்கரை போய்ச் சேரும்போது சாயங்காலம். அந்த மனிதருக்குத் திட்டு வாங்கினதே மறந்துபோயிருந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம்? உள்ள வாரும், மீன் குழம்பு இருக்கு" என்றாராம்.

"எனக்க கால்தான் பொறுமை படிச்சது மக்கா, வாய் இன்னும் படிக்கல்ல. எழுது" என்றார்.

எழுதும்போதே என்னை நினைத்துக்கொண்டேன். நான் நாற்பது வருஷமாகத் திங்கட்கிழமை விரதம் இருக்கிறவன். நெற்றி நிறைய நீறு பூசுகிறவன். ஆனால் யாரைத் திட்டினோம் என்று சாப்பாட்டுக்கு முன் ஒரு நாளாவது நினைத்தது உண்டா? சாமியிடம் ஒரே வாக்கில் "அறியாமல் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எந்தப் பிழை, யாருக்குச் செய்தது என்று சாமியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய முதல் தேர்தலுக்கு வந்தோம். அந்த நாளை நான் மறக்க முடியாது. கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பதினோரு ஓட்டு வித்தியாசத்தில ஜெயிச்சேன். எனக்கு விழுந்ததில பதினாலு ஓட்டு அந்தக் கரையிலேர்ந்து வந்ததாக்கும். எனக்கு வேண்டியவங்க கூட்டிட்டு வந்தாங்க. எழுது."

பேனா நின்றுவிட்டது. புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு இரண்டு மாநிலத்து வோட்டர் லிஸ்ட்டிலும் பெயர் இருந்தது. தங்குவது ஒரு கரையில், மாமா வீட்டு விலாசத்தில் மறு கரையிலும் பெயர். தேர்தல் வந்தால் ஓடை தாண்டி வந்து போட்டுவிட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு வருகிறோம், சாவுத் துஷ்டிக்கு வருகிறோம், ஓட்டுக்கு வந்தால் என்ன என்று இருந்தது மனசு. திருட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேனா நின்றதற்குக் காரணம் அதுவல்ல. அந்தப் பதினாலு பேரில் நான் ஒருத்தன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அத்தை வீட்டு விலாசத்தில் என் பெயர் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து கூட்டமாக நடந்து வந்தோம். வரும் வழியெல்லாம் ஒரே கேலியும் கிண்டலும். ஸ்கூலில் ஓட்டு போட்டபின் புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தது. கல்யாணமாகி இந்தக் கரைக்குக் குடிவந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து.

"என்ன மக்கா, கை ஓயுதா?" என்று கேட்டார்.

"இல்ல மெம்பரே, மை தீந்துபோச்சு" என்றேன். பை நிறையப் பேனா வைத்திருந்தேன்.

மேலே சொன்னார். எதிர்த்து நின்று தோற்றவர் ஒரு தையல்காரர், நல்ல மனிதர், அதற்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. தன் வாழ்க்கையின் முதல் படியே கோணல், அதற்கு மேல் கட்டினதை எல்லாம் அதையும் சேர்த்துத்தான் ஜனங்கள் பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடிக்க நாலு தாள் ஆயிற்று.

மறுநாள் அவர் மகன் என் கடைக்கு வந்தான். கற்பூரம் வாங்க வந்த மாதிரி வந்தான். அந்த வருஷம் அவன் எங்கள் வார்டில் தேர்தலுக்கு நிற்பதாக ஏற்பாடு.

"அண்ணே, அப்பா எலெக்‌ஷன் விஷயம் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அண்ணே, நான் கெட்டவனில்ல. மேட்டு வீடுகளுக்குக் குடிதண்ணி பைப்பு ஏறாம எத்தனை வருஷமாச்சு? நான் வந்தா அது நடக்கும். இந்தப் புத்தகம் அப்படியே வெளிய வந்தா, அப்பன் கள்ள ஓட்டு, மகனும் கள்ள ஓட்டுன்னு போஸ்டர் ஒட்டுவானுக. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. நல்ல பிரதி எழுதுறது நீங்க."

 கற்பூரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கல்மிஷம் உள்ள பையனல்ல, இன்றைக்கும் அதைச் சொல்வேன். அவனைச் சாக்காக வைத்துக்கொண்டவன் நான்தான். எனக்கு வேண்டியதை அவன் வாயால் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். அன்று மத்தியானம் கடையை அடைத்து உட்கார்ந்து நல்ல பிரதி எழுதினேன். நாலு தாளை நாலு வரியாக்கினேன். 'மக்கள் அன்போடு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்று எழுதி, அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். எழுதிய கையோடு பிரதோஷத்துக்குக் கோவிலுக்கும் போனேன். அன்றைக்கு நந்திக்கு முன்னால் எப்படி நின்றேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முழுதையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். தாள்களை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்து, வாசித்ததை எடுத்து வலது பக்கம் கவிழ்த்து வைப்பேன். இரண்டாம் நாள் அந்த இடம் வந்தது.

நாலு வரி. வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். காதை என் பக்கம் சாய்த்து, உதட்டை மூடி, தண்டனை கேட்கக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னால் அந்த நாலு வரியை வாசிக்க முடியவில்லை. தாளில் இல்லாததை வாயால் சொல்லத் தொடங்கினேன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது, ஒரு சொல் மாறாமல் வந்தது. பதினோரு ஓட்டு, பதினாலு பேர், தையல்காரர், கோணல் படி, எல்லாம். சொல்லி முடித்து மூச்சு விட்டேன். தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன்.

 அவர் மெதுவாகச் சொன்னார்:

"மக்கா, நாலு தாளுக்க விஷயத்தை ஒரு தாளில வாசிச்சிட்டியே. தாள் மாறின சத்தம் கேக்கல்லியே."

 நாற்காலியை விட்டுக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மகன் சொன்னானா?" என்றார்.

"சொன்னான். ஆனா அதுக்காக இல்ல மெம்பரே. அன்னைக்கு ஓடை தாண்டி வந்த பதினாலு பேரில நானும் ஒருத்தன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அல்லது, சின்ன வயசு, சாரமில்ல, போட்டும் மக்கா என்று தட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தலையைத் தூக்கி, "எந்த வழியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"மரச்சீனித் தோட்டம் வழியா, ஸ்கூலுக்க பின்பக்கம்."

"முன்னால சிவப்பு சட்டை போட்ட ஒருத்தன் வந்தானா?"

"வந்தாரு. அது எங்க சித்தப்பா."

"அப்ப நீங்கதான்" என்றார்.  "எழுது மக்கா. நான் முதல்ல சொன்னதில ஒரு கள்ளம் உண்டு. எனக்கு வேண்டியவங்க கூட்டிட்டு வந்தாங்கன்னு சொன்னேன் இல்லியா? அதை வெட்டு. நான் பாத்தேன்னு எழுது. ஸ்கூலுக்க மதில் பக்கத்தில நின்னு நான் கண்ணால பாத்தேன். சிவப்பு சட்டை வந்தான், பின்னால வரிசையா ஆளுக. பாத்துட்டு, பாக்காத மாதிரி சட்டைப் பையில பேனாவைத் தேடினேன். பேனா பையிலதான் இருந்தது. எல்லாரும் உள்ள போறது வரைக்கும் தேடினேன்."

தரையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். என் குற்றத்தை நான் சொன்னதும் அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தன் குற்றத்தை இன்னும் ஒரு சுற்று உரித்துக் காட்டினார். அந்த அறையில் நான் பார்த்ததை எந்தச் சன்னிதியிலும் பார்த்ததில்லை என்று சொன்னால் தெய்வ நிந்தனையாகக்கூட இருக்கும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

"அப்ப எனக்க பேரையும் எழுதணுமா மெம்பரே?" என்று கேட்டேன்.

"உனக்க பேரு எனக்க தாளில வராது. அது உனக்க தாள்" என்றார். 

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தோற்றவரிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். ஆட்டோ பிடித்துப் போனோம். தையல்காரர் அப்போது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டோடு இருந்தார். மெம்பரின் வயதுதான், ஆனால் கண் நல்ல கூர்மை. நான் வாசித்தேன்.  முடிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"எலே மெம்பரே, இதைச் சொல்லவாக்கும் ஆட்டோ பிடிச்சு வந்தே? எனக்க ஆளுகளும் ஒன்பது பேர் அந்தக் கரையிலேர்ந்து வந்தவனுகதான்! உனக்கு ஆள் கூடுதல், எனக்குக் குறைவு. நீ புட்டு போட்டே, நான் வெறும் சாயா போட்டேன். அதிலதான் நான் தோத்தது!"

மெம்பர் சிரிக்கவில்லை. "நெசமா?" என்றார்.

"பின்னே? ஆனா எழுதிப்போடாதேலே. எனக்க பெண்டாட்டிக்கே தெரியாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "எல்லாம் தெரியும். சாயாத் தண்ணி கொதிக்கவச்சது யாராம்?" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பதினாலும் போகட்டும், ஒன்பதும் போகட்டும். அப்போது பதினொன்று ஆறாகும். அதாவது, கள்ள ஓட்டே இல்லாவிட்டாலும் இவர் ஆறு ஓட்டில் ஜெயித்திருப்பார். எனக்குத் துள்ளத் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"மெம்பரே, அப்ப நீங்க நேர்வழியிலயே ஜெயிச்சவராக்கும். இதை எழுதினா மகனுக்கும் ஒண்ணும் வராது."

அவர் வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். காற்று அடித்தது. பஸ் ஸ்டாண்டு சத்தம் வந்து போயிற்று.

"அந்தக் கணக்கை நான் அங்க உக்காந்திருக்கும்போதே போட்டாச்சு மக்கா" என்றார். "நீ போடுறதுக்கு முன்னே போட்டேன். எவ்வளவு வேகமாப் போட்டேன் தெரியுமா? அதான் பயமா இருக்கு. அவனுக்க ஒன்பது அவனுக்க. அதை வாங்கி எனக்க பதினாலைத் துடைக்கக் கூடாது. அவன் எழுதாதேன்னு சொல்லியாச்சு. நீயும் வாயைத் திறக்காதே."

வாயைத் திறக்கவில்லை. புத்தகம் அவர் சொன்னபடியே அச்சாயிற்று. மகன் இரண்டு வாரம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், வெளியீடு வைத்தார்கள். நாற்பது பேர் வந்திருப்பார்கள். மகனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தையல்காரரைப் பேரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன் வரிசையில் உட்கார வைத்தான். பாராட்டுப் பேச்சுகள் முடிந்தபின் மெம்பர், "எனக்கு வாசிக்கக் கண் தெரியாது, என் எழுத்துக்காரன் வாசிப்பான்" என்று சொல்லி அந்தப் பகுதியை எடுக்கச் சொன்னார். வாசித்தேன். சிவப்பு சட்டை, மதில், சட்டைப் பையில் தேடிய பேனா. 

முடித்ததும் தையல்காரர் கம்பை ஊன்றி எழுந்தார்.

"நான் இவன்கிட்ட எழுதாதேன்னு சொன்னேன், இவன் எழுதல்ல. அதனால நானே சொல்லுதேன். எனக்கும் ஒன்பது பேர் வந்தான்" என்றார். யாரோ சிரிக்கத் தொடங்கி, பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். "இஞ்ச இருக்கிறதில அன்னைக்கு வந்தவனுக எத்தனை பேர் இருக்கானோ, தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதை எழுதத்தான் ஆறு வருஷம் ஆயிற்று. மெம்பரின் முகம் என் பக்கம் இருந்தது. அவருக்கு நான் தெரியமாட்டேன், ஆனால் நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்று தெரியும். கையில் தாள் இருந்தது. இரண்டு சொல் போதும், நானும் ஒருத்தன் என்று. கோவில் பலகையில் எழுதுகிறவன், நீறு பூசுகிறவன் நான். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். என் மனைவியும் மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. தாளை மடித்தேன். பிறகு யாரோ நன்றி சொன்னார்கள், லட்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன்.

அந்தத் தேர்தலில் மகன் தோற்றான். போஸ்டரும் ஒட்டினார்கள்தான். முடிவு வந்த மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். மகன் வந்து அப்பாவின் முன்னால் நின்று, "அப்பா, எனக்கு விழுந்த ஓட்டு எல்லாம் நெசமான ஓட்டாக்கும். குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்றான். கிழவர் வாய்விட்டுச் சிரித்து, மகனின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் வேறு எப்போதும் கேட்டதில்லை.

அவர் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். நான் வாரத்துக்கு இரண்டு நாளாவது போவேன். "கடை எப்படிப் போகுது மக்கா", "உற்சவத்துக்குக் கொடி ஏறியாச்சா" என்று கேட்பார். அன்று ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஒரு நாள் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை. முகம் சுளிக்கவும் இல்லை. அது என் தாள் என்று சொன்னவர், அதில் கையே வைக்கவில்லை. அப்படி ஒரு மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அது ரொம்பக் கனமாக இருந்தது.

நான் சிவனிடம் சொல்லிவிட்டேன், போதும் என்று இருந்தேன். பல வருஷம் அந்தச் சமாதானத்தில் ஓடியது. ஆனால் நான் ஏமாற்றியது சிவனை அல்ல. இந்த வார்டில் வீடும் வாசலுமாக இருந்து, வரிசையில் நின்று, ஒரே ஒரு ஓட்டு போட்டுப் போனவர்களை. அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அந்தக் கரையிலிருந்து என் அண்ணன் போன் பண்ணினார். வோட்டர் லிஸ்ட் சரிபார்க்க ஆள் வந்திருக்கிறார்களாம். "எலே, உனக்க பேரு இன்னும் இஞ்ச கிடக்கு. இருந்துட்டுப் போட்டும், என்ன?" என்றார்.  முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கரையில் குடியிருக்கிறேன், ஓட்டும் இங்கேதான் போடுகிறேன். அந்தக் கரையில் பெயர் கிடக்கிறது என்பதையே நான் நினைத்துப் பார்க்கவில்லை. உடனே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடை தாண்டி நடந்தேன். லிஸ்ட் பார்க்க வந்தவர் ஒரு அங்கன்வாடி டீச்சர். அண்ணன் வீட்டு முன்னறையில் காகிதங்களை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"பேரை வெட்டணுமா? அண்ணா, எல்லாரும் சேக்கணும்னுதான் வருவாங்க. வெட்டணும்னு ஓடி வந்தது நீங்க மட்டுந்தான். என்ன காரணம்னு எழுதட்டும்?"

அண்ணன், "அவன் அப்படித்தான் டீச்சரே, சாமியாராப் போகப்போறான்" என்றார்.

"இந்தக் கரையில குடியிருப்பு இல்லைன்னு எழுதுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இருபத்திரண்டு வயது முதல் வாயனசாலை வரை. அவள் திரி திரித்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு லட்டு தின்னும்போது உங்க மூஞ்சியைப் பாத்தே ஏதோ இருக்குன்னு தெரியும். இனி ஊருக்குச் சொல்லுங்க" என்றாள். அதனால் சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், வாசிக்கக் கொடுங்கள், வேண்டுமென்றால் பிரதி எடுத்துக் கொடுங்கள். ஆனால் ஒன்றும் கூட்டாதீர்கள், ஒன்றும் குறைக்காதீர்கள். பதினாலு பேரை நாற்பதாக்க வேண்டாம், நாலாக்கவும் வேண்டாம். மெம்பரைத் தெய்வமாக்கினால் அவர் கோபித்துக்கொள்வார். தையல்காரர் சிரித்ததை விட்டுவிடாதீர்கள், எழுந்து நின்றதையும் விட்டுவிடாதீர்கள். கதை கேட்க நன்றாக இருக்கட்டும் என்று, கடைசியில் எழுத்துக்காரனும் எழுந்து நின்று சொன்னான் என்று யாராவது சேர்த்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். நான் எழுந்திருக்கவில்லை. அதை அப்படியே சொல்லுங்கள்.